முதலில் அந்த ஃபில்டரை எடுத்துவிடு, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். வருமான வரி ரிட்டர்ன் போடக் கடைசி வாரம் வந்தபிறகு, சம்பளத்தில் பிடித்த வரிக்குக் கம்பெனி கொடுக்கும் சான்றான ஃபார்ம் 16-ஐக் காணோம் என்றால் யாருக்கும் பதறத்தான் செய்யும். பழைய கம்பெனியில் ஜூனிலேயே அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். நீ வரவே இல்லை என்கிறாய். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். மெயில் வந்திருக்கிறது, உன் கண்ணில் படுவதற்குள், நீ ஜிமெயிலில் வைத்த ஃபில்டர் அதை ட்ராஷில் போட்டுவிட்டது.

நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் தெளிவாக இருக்கிறது. ‘அன்சப்ஸ்கிரைப்’ (இனி அனுப்பாதே) என்ற சொல் மெயிலில் இருந்தால் டெலீட். வேலை தேடின சமயத்தில் குவிந்த விளம்பர மெயிலுக்காக வைத்தாய், சரி. நிறைய பேர் இதே ரூலைத்தான் வைக்கிறார்கள். ஆனால் மொத்தமாக மெயில் அனுப்பும் சாஃப்ட்வேர் பெரும்பாலும் அடியில் அந்த வரியை ஒட்டிவிடும். சம்பளக் கணக்கை வெளியாரிடம் விட்டிருக்கும் கம்பெனியின் மெயிலிலும் இருக்கலாம், இன்சூரன்ஸ் பிரீமியம் நினைவூட்டலிலும் இருக்கலாம்.

தேதியைப் பார். ஃபார்ம் 16 கொடுக்கக் கடைசி நாள் ஜூன் 15. ஜிமெயிலில் ட்ராஷுக்குப் போனது 30 நாள்தான் இருக்கும், அப்புறம் தானாகவே அழிந்துவிடும். அப்படியென்றால் ஜூலை பாதியிலேயே போயிருக்கும். நீ கணக்குப் பார்க்க உட்கார்ந்ததே ஜூலை கடைசியில். ஸ்பேம், ட்ராஷ் எல்லாம் சேர்த்துத் தேடியும் கிடைக்காததற்கு இதுதான் காரணம்.

எனக்கு ரொம்பவும் உறுத்துவது, இதில் யாருக்கும் எந்தத் தகவலும் வராததுதான். முகவரி தப்பாக இருந்தால் மெயில் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும், அவரும் உன்னைக் கூப்பிட்டுக் கேட்பார். ஃபில்டர் அழித்தால் அவரைப் பொறுத்தவரை மெயில் போய்ச் சேர்ந்தாயிற்று. உன் போனிலும் ஒரு சத்தம் வராது.

அலுவலகத்தில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொண்ட காலத்தில் ப்ராக்மெயில் என்ற ஃபில்டர் சாஃப்ட்வேர் வைத்திருந்தோம். அதில் ‘டெவ் நல்’ என்று, அதாவது போட்டதெல்லாம் மறைந்துவிடும் இடத்துக்கு அனுப்பு என்று, ஒரு வரி எழுதினால் மெயில் அந்த நிமிடமே காலி, 30 நாள் அவகாசம்கூடக் கிடையாது. பின்னால் சீவ் என்று ஒரு ஃபில்டர் மொழி வந்தது. 2001-ல் முதல் தரநிலை, 2008-ல் அதைத் திருத்தி எழுதினார்கள். எந்த ரூலும் பொருந்தாவிட்டால் மெயில் இன்பாக்ஸுக்கே வர வேண்டும், ரூல் ஓடும்போது பிழை வந்து நின்றாலும் மெயிலைத் தொலைக்கக் கூடாது என்று அதில் வைத்தார்கள். அந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் எறிந்துவிடு என்று நாமே எழுதிவிட்டால் அதுவும் பேசாமல் எறிந்துவிடும். உன் ரூலிலும் பிழை ஒன்றும் இல்லை பாப்பா. எழுதியதை அப்படியே செய்திருக்கிறது, நீ வேலையில் சேர்ந்த பிறகும்.

அதனால் டெலீட் வேண்டாம். ஒரு லேபிள் போட்டு, இன்பாக்ஸில் காட்டாதே என்கிற ‘ஸ்கிப் இன்பாக்ஸ்’ மட்டும் வை. விளம்பரமெல்லாம் ஓரமாகக் கிடக்கும், வாரம் ஒரு தரம் கண்ணை ஓட்டினால் போதும். போன் ஆப்பில் இதை மாற்ற முடியாது, லேப்டாப்பில் செட்டிங்ஸுக்குப் போ. புது ஃபில்டர் வைக்கும் முன் அதே பெட்டியில் இருக்கும் ‘சர்ச்’ பட்டனை அழுத்து. பழைய மெயிலில் எதெல்லாம் இந்த ரூலில் மாட்டும் என்று வரிசையாகக் காட்டும். அதில் வங்கியோ கம்பெனியோ ஒன்று தெரிந்தாலும் ரூலை மாற்று. கடைசியில், பொருந்தும் பழைய மெயிலுக்கும் இதையே செய்யவா என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். அன்றைக்கு அதை டிக் செய்தாயா என்று யோசித்துப் பார். செய்திருந்தால் முன்பு வந்திருந்ததும் போயிருக்கும்.

ஃபார்ம் 16-க்கு வழி இருக்கிறது. எச்.ஆருக்கு எழுதி மறுபடி அனுப்பச் சொல்லு. ஆனால் ஃபில்டரை எடுத்த பிறகு சொல்லு, இல்லாவிட்டால் அதுவும் அதே வழியில் போய்விடும். அதற்குள் வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ், ஏஐஎஸ் என்று உன் பேரில் இருக்கும் இரண்டு வரிப் பட்டியல்களையும் இறக்கிக்கொள். பிடித்த வரி அதில் இருக்கும். சம்பளத்தின் பிரிப்பு ஃபார்ம் 16-ன் பகுதி பி-யில்தான் வரும், அதற்கு உன் மாதச் சம்பளச் சீட்டுகளை எடுத்து வை.

இன்னொன்று, இதை இன்று ராத்திரியே செய். ட்ராஷில் கடந்த 30 நாள் மெயில் இன்னும் இருக்கும், நாளைக்கு அதில் ஒரு நாளைக்கு உரியது போய்விடும். ஒவ்வொன்றாகப் பார்த்து வேண்டியதை இன்பாக்ஸுக்கு மாற்று. முடித்துவிட்டு எத்தனை மணியானாலும் போன் பண்ணு, நானும் அம்மாவும் முழித்துத்தான் இருப்போம்.

அன்புடன்,
அப்பா