முப்பத்தைந்து சென்டிமீட்டர் கூரை

மெல்பர்ன்
14.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போன வாரம் போனில் மாக்சியான், ரெக் என்று இரண்டு சோலார் பேனல் பெயர் சொன்னேன், "ரெண்டுல எதுப்பா ஒசத்தி?" என்று கேட்டீர்கள். வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும். மின்வாரியத்தில் முப்பது வருஷம் இருந்தவருக்கு அரைகுறையாகச் சொல்வதும் சரியில்லை. அதனால்தான் இந்த நீளக் கடிதம்.

முதலில் இந்த ஊர்க் கூரையைச் சொல்லிவிடுகிறேன். மொட்டை மாடி என்ற ஒன்று இங்கே வீடுகளில் அநேகமாகக் கிடையாது. பழைய வீடுகளுக்கு நாலு பக்கமும் சரியும் ஓட்டுக்கூரை. புதிது என்றால் பெரும்பாலும் வர்ணம் பூசிய இரும்புத் தகடு. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகும். ஜூன் மாத நடுப்பகலில்கூட 29 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது. டிசம்பரில் 75 டிகிரி. ஆகவே நாம் தெற்கே பார்த்துப் பேனல் வைப்பதுபோல இங்கே வடக்கே பார்த்து வைக்கிறார்கள். நாலு சரிவில் வடக்குச் சரிவு ஒன்றுதான். அதிலும் புகைபோக்கி, கழிவறைக் காற்றுக் குழாய், ஆன்டெனா எல்லாம் இருக்கும். மிஞ்சுகிற செவ்வகம்தான் நமக்கு. இடம் இவ்வளவு குறைவாக இருப்பதால்தான் விலை கூடிய பேனல் பற்றிய பேச்சே இங்கே எழுகிறது.

இப்போது இரண்டு பேனல். மாக்சியான் 3, 400 வாட். அளவு 1690 x 1046 மில்லிமீட்டர், எடை 19 கிலோ. செல்லின் முகத்தில் ஒரு கம்பிக்கோடுகூட இருக்காது. பிளஸ், மைனஸ் இரண்டும் முதுகுப் பக்கம், கெட்டியான செம்புத் தகட்டில். ரெக் ஆல்ஃபா ப்யூர்-ஆர், 430 வாட். 1730 x 1118, எடை 21.5 கிலோ. இது ஹெட்டிரோ ஜங்ஷன் என்ற வகை, சிலிக்கானின் இரண்டு பக்கமும் மெல்லிய படலம் பூசியது. சிங்கப்பூரில் செய்கிறார்கள். நார்வேயில் தொடங்கிய கம்பெனி, 2021-இல் நம் அம்பானியின் ரிலையன்ஸ் வாங்கிவிட்டது. மாக்சியானின் திறன், அதாவது விழும் வெயிலில் மின்சாரமாக மாறும் பங்கு, 22.6 சதவீதம், ரெக்கின் திறன் 22.3. விற்கிறவர்கள் இந்த 0.3-ஐ வைத்துத்தான் ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

அந்த 0.3 வெயிலில் கரைந்துவிடும். பேப்பரில் உள்ள வாட் எல்லாம் செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. ஜனவரி மதியம் கூரைமேல் செல் 65 டிகிரிக்குச் சுலபமாகப் போகும். டிகிரிக்கு மாக்சியான் 0.27 சதவீதம் இழக்கும், ரெக் 0.24. 40 டிகிரி கூடினால் ஒன்றுக்கு 10.8 சதவீதம் இழப்பு, மற்றதற்கு 9.6. கணக்குப் போட்டுப் பாருங்கள்: சதுர மீட்டருக்கு 226 வாட்டாக இருந்தது 202 ஆகிறது, 222 ஆக இருந்தது 201 ஆகிறது. அதாவது உண்மையான வெயிலில் இரண்டும் ஒன்றுதான்.

ஆகவே திறனைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது வீண். டேப் எடுத்துக்கொண்டு கூரையில் ஏறுவதுதான் முதல் வேலை. ஓரங்களில் காற்றுக்கு விட வேண்டிய இடத்தை விட்டபிறகு 5.40 மீட்டர் அகலம், 3.45 மீட்டர் சரிவு நீளம் மிஞ்சுகிறது என்று வையுங்கள். பேனலுக்கும் பேனலுக்கும் நடுவே கிளாம்ப்புக்கு 20 மில்லிமீட்டர். மாக்சியானை நிமிர்த்தி வைத்தால் வரிசைக்கு ஐந்து, 5.31 மீட்டர். இரண்டு வரிசை, 3.40 மீட்டர். பத்துப் பேனல், 4000 வாட். ரெக்கை நிமிர்த்தினால் இரண்டு வரிசைக்கு 3.48 மீட்டர் வேண்டும். மூன்று சென்டிமீட்டரில் தட்டிவிடும். படுக்கப்போட்டால் மூன்றுக்கு மூன்று, ஒன்பது, 3870 வாட். இங்கே மாக்சியான் ஜெயித்தது.

பக்கத்து வீட்டுக் கூரை 5.75 மீட்டர் அகலம், 3.50 நீளம். 35 சென்டிமீட்டரும் 5 சென்டிமீட்டரும்தான் கூடுதல். அங்கே ரெக் பத்தும் நிமிர்ந்து உட்காரும், 4300 வாட். மாக்சியான் அதே பத்து, அதே 4000. ஒரே தெருவில் தீர்ப்பு தலைகீழ். எந்தப் பேனல் என்று கூரையைப் பார்க்காமல் போனிலேயே சொல்கிறவனை நம்பாதீர்கள்.

படுக்கப்போடுவதில் இன்னொரு செலவும் இருக்கிறது. பேனலை அதன் நீளப் பக்கத்தில்தான் பிடிக்க வேண்டும். குட்டைப் பக்கத்தில் பிடித்தால் காற்றைத் தாங்கும் சக்தி குறையும். அப்போது பேனலைத் தாங்கும் ரெயில் சட்டம் கைமரத்தோடு கூடவே மேலும் கீழுமாக ஓட வேண்டும், அதைக் கூரையில் பிடிக்கும் கொக்கிகள் அதிகமாகும். ஓட்டுக்கூரையில் ஒவ்வொரு கொக்கிக்கும் ஓட்டைத் தூக்கி, கைமரத்தில் திருகி, ஓட்டின் அடிப்பக்கத்தைக் கிரைண்டரில் கொஞ்சம் வெட்டி, பழையபடி படிய வைக்க வேண்டும். வெட்டாமல் அப்படியே அழுத்தினால் ஓடு கொக்கிமேல் உட்கார்ந்து, ஒருநாள் விரிந்துவிடும். மழைத்தண்ணீர் உள்சுவரில் இறங்கின பிறகுதான் தெரியும். தகட்டுக் கூரை என்றால் துளை போட்ட இரும்புத் தூளை அன்றைக்கே பெருக்கி எடுக்க வேண்டும். ஒரு மழை பெய்தால் அந்தத் தூள் துரு பிடித்து, கூரையின் வர்ணத்தையும் சேர்த்துத் தின்னும்.

உங்களுக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன், வோல்டேஜ். மாக்சியானில் 104 செல் தொடராக இருப்பதால் ஒரு பேனலே ஓபன் சர்க்யூட்டில் (லோடு இல்லாதபோது) 75.6 வோல்ட் தரும், கரண்ட் ஆறரை ஆம்பியர்தான். ரெக்கில் 59 வோல்ட் சொச்சம், கிட்டத்தட்ட ஒன்பது ஆம்பியர். பேனலின் டி.சி.யை ஏ.சி.யாக மாற்ற வீடுகளில் மாட்டும் சிங்கிள் பேஸ் 5 கிலோவாட் இன்வெர்ட்டர்களில் பலவற்றுக்கு உச்சவரம்பு 600 வோல்ட். குளிரில் வோல்டேஜ் ஏறும். 0 டிகிரியில் கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடும். மாக்சியான் ஏழு தொடரில் போட்டால் 560 வோல்ட், சரி. எட்டாவது சேர்ந்தால் 640. ஆகவே பத்துப் பேனலை ஐந்து ஐந்தாக இரண்டு தொடராக்கி, இன்வெர்ட்டரின் இரண்டு வாய்க்கும் தனித்தனியே கொடுக்க வேண்டும்.

ரெக்கில்தான் பொறி. ஒன்பது ஒரே தொடரில் தாராளமாகப் போகும். பத்துப் போட்டுவிட்டு ஜனவரி மாத வெயிலில் மீட்டர் வைத்துப் பார்த்தால் 600-க்குள்ளேயே நிற்கும். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஜூலை மாதம் விடியற்காலையில், இன்வெர்ட்டர் இன்னும் லோடு எடுக்காத நேரத்தில், குளிர்ந்த பேனல்மேல் முதல் வெயில் விழும். அப்போது 620, 630 என்று ஏறும். இன்வெர்ட்டர் பிழைக் குறி காட்டி நின்றால் நல்ல காலம். நிற்காமல் உள்ளே கருகினால், வரம்பை மீறியது என்று வாரன்ட்டியும் போய்விடும். குறைந்தபட்ச வெப்பநிலைக்குக் கணக்குப் போடாமல் பேனல் எண்ணிக்கையை முடிவு செய்யக் கூடாது என்பது அதனால்தான்.

நிழலில் இரண்டும் வேறு வேறு மாதிரி. மாக்சியானின் செல் ஒன்றில் நிழல் விழுந்தால், அது கொஞ்சம் எதிர் வோல்டேஜிலேயே கரண்ட்டை வழிவிட்டுவிடும், சூடும் பெரிதாக ஏறாது. ஆன்டெனாக் கம்பியின் மெல்லிய நிழல், பறவை எச்சம் போன்ற சில்லறைத் தொல்லைக்கு இது நல்லது. ரெக்கில் இருபது செல்லுக்கு ஒரு பைபாஸ் டயோடு, நிழல்பட்ட பகுதியை விட்டுக் கரண்ட்டைச் சுற்றி அனுப்ப, மொத்தம் நாலு. கீழ்ப்பக்கம் மரநிழல் ஏறினால் நிழல் விழுந்த கால்பங்கு மட்டும் போகும். ஆனால் யூகலிப்டஸ் மரம் முழுப் பேனலையும் மூடுகிற வீட்டில் எந்தப் பேனலாலும் பயனில்லை. கிளையை வெட்டுவதா, சரிவை மாற்றுவதா என்று பார்க்க வேண்டியதுதான். ஆலங்கட்டி மழைக்கும் மாக்சியானின் செம்பு முதுகு கைகொடுக்கும், செல் விரிந்தாலும் துண்டுகள் தொடர்பு விடாது.

அப்புறம் எந்தப் பேனலானாலும் தீப்பிடிக்கக்கூடிய ஒரு இடம், கம்பிகளைச் சேர்க்கும் கனெக்டர். பார்க்க எம்.சி.4 என்ற பிரபலமான கனெக்டர் மாதிரியே நாலைந்து கம்பெனி செய்கிறது, ஒன்றோடொன்று சேரவும் செய்யும். உள்ளே உலோகம் அரை மில்லிமீட்டர் ஒத்துவராமல், வருஷக்கணக்கில் சூடாகிக் கடைசியில் உருகும். ஆண், பெண் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்க வேண்டும் என்று இந்த நாட்டு விதியே சொல்கிறது. கூரைமேல் ஒரு டி.சி. சுவிட்ச் கட்டாயம் என்று முன்பு வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து அதுவே தீக்குக் காரணமானதும், 2021-இல் விதியைத் தளர்த்திவிட்டார்கள். மழையில் நனைகிற இடத்தில் சுவிட்ச் வைப்பவனை நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இங்கே கம்பம், கம்பி ஒரு கம்பெனியுடையது, பில் போடுவது வேறொரு கம்பெனி. பில் கம்பெனியை நாமே மாற்றிக்கொள்ளலாம். தெருவில் பாதி வீட்டில் சோலார் இருப்பதால் மதியம் லைன் வோல்டேஜ் ஏறிவிடும். 253 தாண்டினால் இன்வெர்ட்டர் தானே உற்பத்தியைக் குறைக்க ஆரம்பிக்கும், பத்து நிமிட சராசரி 258-ஐத் தாண்டினால் கழன்றுகொள்ளும். கூரையில் 4.0 கிலோவாட் இருந்தால் என்ன, 4.3 இருந்தால் என்ன? மீட்டர் பெட்டி வரைக்குமான கம்பி ஒல்லியாக இருந்தால் இரண்டும் போச்சு. அந்தக் கம்பியைத் தடிமனாக்குவது பேனலின் விலை வித்தியாசத்தைவிட உபயோகமான செலவு.

இன்னொன்று. விக்டோரியா மாநிலத்தில் லைனுக்கு அனுப்பும் யூனிட்டுக்குக் குறைந்தபட்ச விலை என்று ஒன்று இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அதுவும் இல்லை, பில் கம்பெனி கொடுப்பதுதான். அதனால் துணி துவைப்பது, தண்ணீர் சூடாக்குவது எல்லாம் மதியத்துக்கு மாறிவிட்டது. மானியம், விற்றால் காசாகும் சான்றிதழ் கணக்கில் வருகிறது. 2025-இல் மெல்பர்னில் கிலோவாட்டுக்கு 1.185, அதை ஆறு வருஷத்தால் பெருக்கினார்கள். 4 கிலோவாட்டுக்கு 28 சான்றிதழ், 3.87-க்கு 27. ஒன்றுக்கு 40 டாலருக்குள் கிடைத்தது. அதாவது அந்த முதல் கூரையில் மானியத்திலும் இரண்டு பேனலுக்கும் ஒரு சான்றிதழ்தான் வித்தியாசம்.

வாரன்ட்டியில் மாக்சியான் 40 வருஷம் என்கிறது, ரெக் 25. ரெக்கின் 25-உம் அவர்களிடம் பதிவு பெற்ற ஆள் மாட்டினால்தான். நாற்பது வருஷம் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதுவரை கம்பெனி இருக்க வேண்டுமே. மாக்சியான் 2020 வரை அமெரிக்காவின் சன்பவர் கம்பெனிக்குள்தான் இருந்தது, பிறகு தனியாகப் பிரிந்தது. மிச்சமிருந்த சன்பவர் 2024 ஆகஸ்டில் திவால் மனுப் போட்டது. அதனால் காகிதத்தில் வருஷத்தைப் பார்ப்பதைவிட, இறக்குமதி செய்தவர் யார் என்று பார்க்கச் சொல்வேன். செய்த கம்பெனிக்கு இங்கே அலுவலகம் இல்லையென்றால், இறக்குமதி செய்தவரையே உற்பத்தியாளராகக் கருதுகிறது இந்த நாட்டு நுகர்வோர் சட்டம்.

என் கருத்தைக் கேட்டால், ஒடுங்கிய கூரைக்கு மாக்சியான், ரெக் பத்தும் உட்காருகிற கூரைக்கு ரெக். தாராளமாக இடம் இருந்தால் இரண்டுமே வேண்டாம். 1762 x 1134 அளவில் 440 வாட் தருகிற, டாப்கான் என்ற சாதாரண வகைப் பேனலே இப்போது 22 சதவீதம். அதே 65 டிகிரி கணக்கில் சதுர மீட்டருக்கு 195 வாட் தரும். 201-க்கும் 195-க்கும் நடுவில் உள்ள ஆறு வாட்டுக்காக அவ்வளவு பணம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

நம் கோவில்பட்டி வீட்டுக்கும் அதே பதில்தான். மொட்டை மாடியில் இடத்துக்குப் பஞ்சமில்லை. மத்திய அரசின் சூரிய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வேண்டுமென்றால் செல்லும் பேனலும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும், அதனால் இந்த இரண்டும் அங்கே கணக்கிலேயே வராது. உள்ளூர் டாப்கான் வாங்கலாம். ஆனால் மாடியில் அந்த சின்டெக்ஸ் டேங்க் இருக்கிறதே, மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும்போது அதன் நிழல் வடக்கே நீளும். ஆனியில் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடுவதால் நிழல் தெற்கே விழும். தம்பியை இந்த வாரமே காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் சாக்பீஸால் நிழலின் ஓரத்தைக் கோடு போட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மார்கழியில் இன்னொரு தடவை எடுக்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் உயரத்தையும் அளந்து எழுதச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்பு மகன்