பிரஷ் மீது மட்டும் பழி போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் பழைய டி.சி. மோட்டார்கள் இன்னும் ஓடுகின்றன. காமுடேட்டரில் (ஆர்மேச்சர் என்ற சுழலும் பகுதியோடு சேர்ந்து சுற்றும் செம்புப் பட்டை உருளை) பொறி பறந்தால், முதலில் அதன் மேல் உரசிக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷை மாற்றுகிறார்கள். அதற்கும் நிற்காவிட்டால் காமுடேட்டரை லேத்தில் ஏற்றிச் சீவுகிறார்கள். பிறகு "பழைய மோட்டார், அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். இந்தப் பொறியைத் தடுக்கவே உள்ள இன்டர்போல் என்ற சிறு காந்தத்தின் காயிலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

200 மி.மீ. விட்டமுள்ள காமுடேட்டர் 1,500 ஆர்.பி.எம்.மில் சுற்றினால், அதன் மேலுள்ள ஒரு புள்ளி 16 மி.மீ. அகல பிரஷ்ஷைக் கடக்க ஏறத்தாழ ஒரு மில்லி செகண்டுதான் ஆகும். அதற்குள் ஆர்மேச்சர் காயிலில் கரண்ட் திசை திரும்பியாக வேண்டும். காயிலின் இண்டக்டன்ஸ், அதாவது கரண்ட் மாற்றத்தை எதிர்க்கும் குணம், அதைத் தடுக்கும். அந்தத் தடையை முறிக்கத்தான் பெரிய போல்களுக்கு (மோட்டாரின் முக்கியக் காந்தங்கள்) நடுவே ஒல்லியான இன்டர்போல்: தடித்த செம்பில் சில சுற்றுகள், ஆர்மேச்சரோடு சீரிஸில். லோடு ஏறினால் அதன் பலமும் கூடவே ஏறும்.

ரீவைண்டிங் (காயிலைப் புதிதாகச் சுற்றுவது) செய்யும்போது இதன் முனைகள் இடம் மாறிவிட்டால் வெறும் ஓட்டத்தில் பெரும்பாலும் தெரியாது. மோட்டார் டெலிவரி ஆகி, லோடு ஏறிய பிறகுதான் பிரஷ் அடியில் நெருப்பு.

கண்டுபிடிக்க, ஏ.சி. வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வேரியாக் போதும். ஷண்ட் ஃபீல்டு (பெரிய போல்களின் காயில்) முனைகளைக் கழற்றி, யார் கையும் படாதபடி டேப் சுற்றி விடுங்கள். ஆர்மேச்சர், இன்டர்போல் இரண்டையும் சீரிஸில் வைத்து குறைந்த ஏ.சி. கொடுத்து, வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்டர்போல் முனைகளை மட்டும் மாற்றி, அதே கரண்டில் மீண்டும் பாருங்கள். எதில் வோல்டேஜ் குறைவோ அதுதான் சரியான இணைப்பு. இன்டர்போலின் புலம் ஆர்மேச்சரின் புலத்தை எதிர்க்கிறது என்று பொருள்.

ஆர்மேச்சர் முனைகளை மாற்றி மோட்டாரை எதிர்த்திசையில் சுற்ற வைப்பவர்கள், இன்டர்போலையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஆர்மேச்சரை மட்டும் திருப்புவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு.

இன்னொன்று, இன்டர்போலுக்கும் யோக்குக்கும் (மோட்டாரின் வெளிக்கூடு) இடையிலுள்ள தகடுகள். எத்தனை, எந்த வரிசை என்று குறிக்காமல் கழற்றினால் இடைவெளி மாறி, இன்டர்போலின் புலமும் மாறிவிடும். புலம் குறைந்தால் செக்மென்ட் (காமுடேட்டரின் செம்புப் பட்டை) பிரஷ்ஷை விட்டு வெளியேறும் விளிம்பில் பொறி; மிஞ்சினால் நுழையும் விளிம்பில். பொறி எந்தப் பக்கம் என்று பார்க்காமலே பிரஷ் வாங்க ஓடுகிறோம்.

மோட்டாரை வேலைக்குக் கொடுப்பவர்கள், அளந்த இரண்டு வோல்டேஜையும் வேலைச் சீட்டில் எழுதித் தரும்படி கேட்கலாம். அளக்கப் பத்து நிமிடம் கூட ஆகாது.

– ஒரு வாசகர்,
அம்பத்தூர், சென்னை