எந்த வழி அதிகம் ஓடுகிறது?

மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். பதில் தாமதமானதற்கு நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள், இப்போது இதைப் படி.

உள்ளீட்டைப் படித்துப் பிரித்தறியும் நம் பார்சர் வேகமாகிவிட்டது. புரோகிராமில் ஒரு வரிகூட மாற்றவில்லை. தாத்தாவிடம் மட்டும் சொல்லாதே, இயந்திரத்துக்கு நெருக்கமான அசெம்பிளி மொழியில் எழுதாமல் வேகம் எப்படி வரும் என்று ஆரம்பித்துவிடுவார்.

"கம்பைலருக்கு எல்லாம் தெரியும்" என்று நீ அடித்துப் பேசுவாயே, நாம் எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றும் அதற்கு ஒன்றும் தெரியாது மாப்ளே. 'இப்படியானால் இது, இல்லையென்றால் அது' என்று ஒரு இஃப் வந்தால் எந்தப் பக்கம் அதிகம் ஓடும் என்று ஊகிக்கத்தான் செய்கிறது. நாம்தான் ஓட்டிக் காட்ட வேண்டும். ஜிசிசி கம்பைலரில் முதலில் ப்ரொஃபைல்-ஜெனரேட் என்ற ஆப்ஷன் போட்டு கம்பைல் செய்தால் புரோகிராமுக்குள் கவுன்ட்டர்களைச் செருகிவிடும். ஓடி முடியும்போது எண்ணிக்கை ஒரு ஃபைலில் விழும், அதுதான் ப்ரொஃபைல். அப்புறம் ப்ரொஃபைல்-யூஸ் போட்டு மறுபடி கம்பைல். அடிக்கடி அழைக்கப்படும் ஃபங்ஷன் இன்லைன் ஆகிறது, அதாவது அழைக்கும் இடத்திலேயே அதன் உள்ளடக்கம் பதிக்கப்படுகிறது. எப்போதாவது ஓடும், பிழையைக் கவனிக்கும் பகுதி தூரமாகத் தள்ளப்படுகிறது, ப்ராசஸரின் வேக நினைவகமான கேஷில் இடம் அடைப்பதில்லை.

என்னை மயக்கியது கவுன்ட்டர் வைக்கும் விதம். எல்லா வழிக்கும் கவுன்ட்டர் தேவையே இல்லை! ஒரு இஃப்புக்கு 1000 முறை வந்தது, பிழைப் பக்கம் 10 முறை போனது என்றால் மறுபக்கம் 990. கழித்தால் போதும், எண்ணவே வேண்டாம். தாமஸ் பாலும் ஜேம்ஸ் லாரஸும் 1994-இல் எழுதிய கட்டுரையில் இதை முழுதாக விளக்கியிருக்கிறார்கள். அதிகம் ஓடும் என்று தோன்றுகிற வழிகளை ஒரு ஸ்பேனிங் ட்ரீயில், அதாவது எல்லா இடத்தையும் வளையம் இல்லாமல் இணைக்கும் மரத்தில், சேர்த்துவிட்டு, அந்த மரத்துக்கு வெளியே இருக்கிறவற்றில் மட்டும் கவுன்ட்டர் வைப்பது. எண்ணும் சுமை குறைவாக ஓடும் வழிகளின் தலையில்தான் விழுகிறது. படித்துவிட்டு எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன், அவ்வளவு அழகு.

சர்வரில் இரண்டு தொல்லை உண்டு, உனக்கும் வரும். ஃபைல் எழுதப்படுவது புரோகிராம் ஒழுங்காக முடியும்போதுதான். கில் -9 கட்டளை போட்டு வலுக்கட்டாயமாக நிறுத்தினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. வேறொரு சிக்னல் அனுப்பி, அது வந்ததும் எண்ணிக்கையை ஃபைலில் எழுதும் ஜிகவ்-டம்ப் ஃபங்ஷனை அழைக்கும்படி செய்துகொள். த்ரெட்கள், அதாவது ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் பல வேலைகள், இருந்தால் கவுன்ட்டரை அட்டாமிக்காக, நடுவில் எதுவும் குறுக்கிடாதபடி, கூட்டச் சொல், இல்லையென்றால் இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் கூட்டும்போது எண்ணிக்கை தொலைந்துபோகும்.

இதெல்லாம் சின்ன விஷயம். எனக்குத் தூக்கம் கெடுவது வேறொன்றால். எதை ஓட்டி எண்ணுவது? இங்கே எல்லோரும் டெஸ்ட்களை ஓட்டிவிடலாம் என்கிறார்கள், கைவசம் இருக்கிறதாம். பைத்தானே தன் டெஸ்ட்களை ஓட்டித்தான் ப்ரொஃபைல் எடுக்கிறது என்று வாதம் வேறு. சரிதான். ஆனால் நம் டெஸ்ட்களில் பாதிக்கு மேல் வேண்டுமென்றே உடைத்த உள்ளீடு. அடைப்புக்குறி மூடாதது, நடுவில் அறுந்தது. அதை ஓட்டினால் பிழைச் செய்தி தயாரிக்கும் ஃபங்ஷன்தான் உயிர்நாடி என்று கம்பைலர் நம்பிவிடும். அதையே இன்லைன் செய்து, உண்மையில் நாள் முழுக்க ஓடும் லூப்பை ஓரம்கட்டும். எங்கும் எச்சரிக்கை வராது. டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும். நிஜப் பயனர்களுக்கு மட்டும் மெதுவாக ஓடும், யாரும் காரணம் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

கோ மொழிக்காரர்கள் கவுன்ட்டர் இல்லாமல், நிஜ சர்வரிலேயே அவ்வப்போது எட்டிப் பார்த்து சாம்பிள் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். 2023-இல் வந்த 1.21 வெளியீட்டில் 2 முதல் 7 சதவீதம் வரை வேகம் கூடியதாகச் சொன்னார்கள். எங்களுடையது சி மொழியில் எழுதியது, நிஜ சர்வரில் கவுன்ட்டர் போட்ட புரோகிராமை ஓட்ட அனுமதி கிடைக்காது.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். உங்கள் பக்கம் வரும் நிஜ உள்ளீட்டில் ஒரு நாளுக்கானதை எடுத்து, பெயர், முகவரி எல்லாம் அழித்துவிட்டு அனுப்ப முடியுமா? பகலில் வருவது மட்டும் போதாது, இரவில் மொத்தமாகக் கொட்டுவதும் வேண்டும், இரண்டும் வரும் அதே விகிதத்தில். உன் மேலாளர் மறுத்தால் என்னிடம் பேசச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்