தைக்காமல் திரும்பி வந்த ஒரு ஜோடி

கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர் நண்பர்களுக்கும், விடிவதற்கு முன்பே பிள்ளைகளை எழுப்பிக் கூடைப்பந்துத் தளத்துக்கு அனுப்பிவைக்கும் பெற்றோருக்கும், நான் பயிற்சி தரும் என் பெண்களுக்கும் வணக்கம்.

மருத்துவமனையிலிருந்து வீடு வந்து நான்கு நாட்கள் ஆகின்றன. அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை என்பதால் இந்த மடலை விட்டுவிட்டு எழுதுகிறேன். முழுவதும் குணமான பிறகு எழுதலாமே என்றார் அம்மா. அதுவரை மனம் பொறுக்காது.

நான் அடிபட்ட அந்த இரவைப் பற்றி எழுதப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் அங்கே நின்றவர்கள், மீதிப் பேர் விடிவதற்குள் கேள்விப்பட்டவர்கள். அதற்குப் பிறகு வந்த 41 நாட்களில் எனக்குக் கிடைத்தவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

108 ஆம்புலன்ஸில் வந்த இருவருக்கு என் உயிருள்ளவரை கடன்பட்டிருக்கிறேன். ரத்தம் வேண்டும் என்ற செய்தி போன ஒரு மணி நேரத்தில் ஓசூர்த் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமலே வந்து நின்ற பழைய மாணவிகளுக்கும் அவர்களோடு வந்த முகம் தெரியாத இளைஞர்களுக்கும், கை தூக்க முடியாமல் கிடந்த எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்ட செவிலியருக்கும், தன் வீட்டிலிருந்து வந்த களியில் பாதியைப் பிட்டு எனக்கு ஊட்டிய பக்கத்துக் கட்டில் பென்னாகரத்து அம்மாவுக்கும், வாரம் தவறாமல் நிப்பட்டுப் பொட்டலத்தோடு வந்த காவேரிப்பட்டணத்துத் தோழிக்கும், என் பெண்களையும் தன் அணியைப் போலப் பார்த்துக்கொண்ட வாலிபால் பயிற்சியாளருக்கும், சென்னையிலிருந்து இரவு பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிய என் பழைய அணித் தோழிகளுக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் ஒரு மடல் எழுத வேண்டும். உடம்பு தேறியதும் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வருவேன்.

இங்கே ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன். அவர் பெயரை எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஊரில் பலருக்கும் அவரைத் தெரியும். பஸ் நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு புங்கமரத்தடியில், சாக்கு விரித்து உட்கார்ந்து செருப்புத் தைக்கும் பெரியவர். தெலுங்கு கலந்த தமிழில் மெதுவாகப் பேசுவார். 11 ஆண்டுகளாக அந்த வழியாகத்தான் தளத்துக்குப் போய் வருகிறேன். பார்த்தால் தலையசைப்பார், நானும் தலையசைப்பேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

எங்கள் தளம் சிமெண்ட். மரத்தளத்தில் ஆடுகிறவர்களின் ஷூ உழைக்கும் நாட்களில் பாதிகூட இங்கே உழைக்காது. முன்பக்கம் பல்லிளித்துவிடும். பெண்கள் பலருடைய வீட்டில் தக்காளி விலையைப் பார்த்துத்தான் ஷூ வாங்குவார்கள். ராயக்கோட்டை மண்டியில் பெட்டிக்கு என்ன விலை போகிறது என்பது எங்கள் பயிற்சிக்கும் சம்பந்தமுள்ள செய்தி. இந்த முறை விலை விழுந்து கிடந்தது. போட்டிக்கு நான்கு நாட்கள் இருக்கும்போது, நான் தர்மபுரி மருத்துவமனையில் அசையாமல் படுத்திருக்க, என் அணித் தலைவி 11 ஜோடி ஷூக்களை ஓர் அரிசிச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு அந்தப் புங்கமரத்தடிக்குப் போயிருக்கிறாள். கையில் இருந்தது 200 ரூபாய்.

பெரியவர் சாக்கைக் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து, குப்புறக் கவிழ்த்து வரிசையாக வைத்தாராம். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு, “நாளைக் காலையில் வா பாப்பா” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அன்று இரவு தெருவிளக்கு வெளிச்சத்தில் நெடுநேரம் அவர் தைத்துக்கொண்டிருந்ததை டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார்.

காலையில் 10 ஜோடிகள் தயாராக இருந்தன. மெழுகு தடவிய நூலால் சுற்றுத் தையல் போட்டு, அடியில் சொல்யூஷன் வைத்து ஒட்டி, தேய்ந்த இடத்தில் ரப்பர் துண்டு பொருத்தி, பிசிறு தெரியாமல் சீவியிருந்தார். பதினோராவது ஜோடியில் கைவைக்கவே இல்லை. இரண்டு ஷூவின் கயிற்றையும் ஒன்றாக முடிந்து தனியாக வைத்திருந்தார். பெண்களுக்கு முகம் வாடிவிட்டது. அணியிலேயே வேகமாக ஓடுகிறவளின் ஷூ அது. ஏன் தைக்கவில்லை என்று தலைவி கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அவள் என்னிடம் வார்த்தை மாறாமல் ஒப்பித்தாள்: “இதை உங்கள் அம்மாவிடம் காட்டுங்கள். நான் ரப்பர் ஒட்டிச் சமமாக்கிவிட்டால் அப்புறம் அவருக்குத் தெரியாமல் போய்விடும்.”

பத்து ஜோடிக்கும் சேர்த்து அவர் வாங்கிக்கொண்டது சொல்யூஷனுக்கான 60 ரூபாய் மட்டும்.

அம்மா என்று அவர் சொன்னது என்னைத்தான். தலைவி அந்த ஜோடியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி என் வார்டுக்கு வந்தாள். கழுத்தைத் திருப்ப முடியாததால் ஷூவை என் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். வலது ஷூவின் குதிகால் வெளிப்பக்கம் வழவழவென்று தேய்ந்து, உள்ளே இருக்கும் வெள்ளைப் பஞ்சு தெரிந்தது. இடது ஷூவில் முன்பாதத்துக்கு அடியில் இருக்கும் கோடுகள் கடையில் வாங்கியபோது இருந்ததைப் போலக் கூர்மையாக இருந்தன. தூசிகூட அந்தக் கோடுகளுக்குள் சரியாக ஏறவில்லை.

கூடைப்பந்து தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். ஓடிவந்து எம்பி, கூடைக்கு அருகிலிருந்து பந்தைப் போடுவதுதான் லே-அப். அதைப் போடும் வலதுகைக்காரி, வலது, இடது என்று இரண்டு அடி வைத்து, இடது காலால்தான் எம்புவாள். ஒரு நாளைக்கு நூறு முறையாவது அந்த இடது முன்பாதம் சிமெண்டை உந்தித் தள்ளும். முதலில் தேய வேண்டிய இடமே அதுதான். அது தேயவே இல்லை என்றால் அவள் பல வாரங்களாக இடது காலை நம்பவில்லை, எம்புவதும் இறங்குவதும் வலது காலில்தான் என்று பொருள். இரண்டு மாதமாக அவளுடைய லே-அப் தவறிக்கொண்டிருந்தது. கவனம் இல்லை, சோம்பல் என்று நான் அவளைத் தளத்தைச் சுற்றி ஓடவிட்டிருக்கிறேன். அந்தக் காலோடு ஓடவிட்டிருக்கிறேன்.

அந்த ஷூவைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்ததற்கு வேறு காரணமும் உண்டு.

என் அப்பா மாங்காய் மண்டியில் வேலை பார்த்தவர். அடி பிய்ந்த கூடை ஒன்றை வேப்பமரத்தில் கட்டி, அதில் பந்து போடச் சொல்லித்தான் எனக்கு இந்த ஆட்டம் அறிமுகமானது. 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தைத் தொடங்கியதும் பழக்கூடையில்தான், அது பீச் பழக்கூடை என்று பிற்பாடு படித்தபோது அப்பாவை நினைத்துக்கொண்டேன். மரத்துக் கூடையிலிருந்து பள்ளி அணி, அங்கிருந்து விளையாட்டு விடுதி, பிறகு சென்னை, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, மாதச் சம்பளம். அன்றைக்குச் சென்னையில் ஆடிய பெண்கள் எல்லோருக்கும் அனிதா பால்துரைதான் கண்முன் இருந்த உயரம். 19 வயதில் இந்திய அணிக்குத் தலைவி, 18 ஆண்டுகள் நாட்டுக்காக ஆட்டம், 2021-இல் பத்மஸ்ரீ. அந்த உயரத்துக்குக் கொஞ்சம் கீழேயாவது போய்விடலாம் என்று நம்பிய காலம் எனக்கும் இருந்தது.

26 வயதில் என் இடது முழங்கால் வலிக்கத் தொடங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அணியில் இடம் போகும், இடம் போனால் அடுத்த முகாமுக்குக் கூப்பிட மாட்டார்கள். நான்கு மாதம் மறைத்து ஆடினேன். ஐந்தாவது மாதம் ஒரு ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்தைப் பிடிக்க, எம்பி இறங்கும்போது உள்ளே ஏதோ தெறித்த சத்தம் எனக்கே கேட்டது. முழங்காலுக்குள் இருக்கும் முன்சிலுவைத் தசைநார் (ஏ.சி.எல்.) முழுவதும் அறுந்திருந்தது. இதே ஆட்டத்தை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தத் தசைநார் அறுபடுவது இரண்டு மடங்குக்கும் மேல் என்று பட்டியாலாவில் நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் படிப்புக்குச் சேர்ந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். எம்பி இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடியக் கூடாது, இரண்டு காலிலும் எடையைப் பகிர்ந்து இறங்க வேண்டும் என்பதையெல்லாம் அங்கேதான் முறையாகக் கற்றேன். என் கால் போன பிறகு கற்றேன்.

ஆடுகிறவளாக இருந்தபோது என் உடம்பு ஒன்றைத்தான் கவனிக்க வேண்டியிருந்தது, அதிலேயே தவறினேன். பயிற்சியாளரானபோது, என் பிள்ளைகள் ஒருத்தியின் முழங்காலையும் இப்படி இழக்கவிட மாட்டேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டுதான் கிருஷ்ணகிரிக்குத் திரும்பினேன். ஆனால் தளத்தில் நிற்கும்போது என் கண் பந்தின் பின்னாலேயே போய்விடுகிறது. கை எப்படி வருகிறது, பார்வை எங்கே இருக்கிறது, யார் காலியாக நிற்கிறாள் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதத்தைப் பார்த்தது புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர். அவர் ஒரு கூடைப்பந்து ஆட்டத்தைக்கூடப் பார்த்ததில்லை.

அன்று மாலையே அந்தப் பெண்ணை வரவழைத்தேன். கட்டில் ஓரத்தில் நின்றாள். ஷூவைக் காட்டினேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இந்த வருஷம் ஆடாவிட்டால் விடுதித் தேர்வு போய்விடும் அக்கா” என்றாள். 26 வயதில் நான் யாரிடமும் சொல்லாமல் விழுங்கிய வாக்கியம் அது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மறுநாள் ஸ்கேன் எடுத்தார்கள். தசைநார் நைந்திருக்கிறது, அறுந்து போகவில்லை, ஓய்வும் தொடைத் தசைக்கான பயிற்சியும் போதும் என்றார் மருத்துவர். அதைக் கேட்டபோது என் உடம்பில் இருந்த கட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தளர்ந்ததைப் போல இருந்தது.

அவள் இல்லாமல்தான் அணி போட்டிக்குப் போனது. நானும் இல்லை. அந்த நாட்களில் ஸ்டீவ் கெர் அடிக்கடி நினைவுக்கு வந்தார். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் சிகாகோ புல்ஸ், சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிகளில் ஆட்டக்காரராக ஐந்து முறை பட்டம் வென்று, பிறகு கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் பயிற்சியாளரானவர். முதுகு அறுவை சிகிச்சைக்குப் பின் தேற முடியாமல் 2015-16 பருவத்தின் முதல் 43 ஆட்டங்களுக்கு அவரால் வர முடியவில்லை. உதவியாளர் லூக் வால்டன் பொறுப்பேற்க, அணி அதில் 39 ஆட்டங்களை வென்றது. என் அணிக்கு உதவிப் பயிற்சியாளர் கிடையாது. 17 வயதுத் தலைவி ஒருத்திதான் இருந்தாள். அவளே விசில் ஊதினாள், அவளே ஓய்வு கொடுத்தாள், ஆடவும் செய்தாள். காலிறுதி வரை கொண்டுபோய் நான்கு புள்ளியில் தோற்றாள். தொலைபேசியில், “மன்னித்துவிடுங்கள் அக்கா” என்று அழுதாள். மகளே, உன்னிடம் மன்னிக்க என்ன இருக்கிறது? ஷூக்களைச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு போனவள் நீ. தைக்காத ஜோடியைக் குப்பையில் போடாமல் ஒரு மணி நேரம் பஸ்ஸில் கொண்டுவந்து என் கண்முன் பிடித்தவளும் நீ. பத்து ஜோடி ஷூவும் கடைசி விசில் வரை ஒரு தையல்கூட விடவில்லை என்று சொன்னாயே, அதைக் கேட்டு அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

பெற்றோரிடமும் பெண்களிடமும் ஒரு வார்த்தை. இனி ஒவ்வொரு திங்கட்கிழமையும் பயிற்சிக்கு முன்னால் எல்லோரும் ஷூவைக் கழற்றிக் கவிழ்த்து வைக்க வேண்டும். நான் பார்ப்பேன். வலிக்கிறது என்று வந்து சொன்னதற்காக என் அணியில் ஒருத்திக்கும் இடம் போகாது. சொல்லாமல் மறைத்ததற்காகத் திட்டவும் மாட்டேன், ஏனென்றால் ஏன் மறைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இதை நான் எல்லோர் முன்னாலும் எழுதுவது, நாளைக்கு ஒரு போட்டியின் அவசரத்தில் நானே மறந்துவிட்டால் நீங்கள் இந்த மடலை எடுத்து என்னிடம் காட்ட வேண்டும் என்பதற்காகத்தான்.

நேற்று மாலை ஆட்டோ வைத்துக்கொண்டு அந்தப் புங்கமரத்தடிக்குப் போனேன். இறங்கி, ஊன்றுகோலோடு அவர் முன்னால் போய் நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வாய்க்கு வரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் பதறி எழுந்திருக்கப் பார்த்தார், முழங்கால் உடனே ஒத்துழைக்கவில்லை, சாக்கைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து, “உட்காருங்கள் அம்மா” என்று தன் மரப்பெட்டியைத் தள்ளிவைத்தார். உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். தலையசைத்தார்.

எப்படி ஐயா தெரிந்தது என்று கேட்டேன். “50 வருஷமாக அடியைத்தானே அம்மா பார்க்கிறேன்” என்றார்.

பிறகு குனிந்து என் செருப்பைக் கழற்றச் சொன்னார். வாங்கித் திருப்பிப் பார்த்தார். வீடு வந்து மூன்று நாள் நடந்த செருப்புதான். அதன் இடது ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். “இன்னும் ஊன்றப் பயப்படுகிறீர்கள்” என்றார். உள்ளே ஒரு தோல் பட்டை வைத்துத் தருவதாகச் சொல்லி, தன் காலில் இருந்த செருப்பைக் கழற்றி என் பக்கம் தள்ளிவிட்டார். அதைப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். நாளைக் காலையில் வரச் சொல்லியிருக்கிறார்.