கமா போடும் முன் எழுவாயைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

‘இங்’ என முடியும் சொல்லில் ஆங்கில வாக்கியம் தொடங்கினால் அந்தத் தொடருக்குப் பின் கமா போட வேண்டும் என்று தங்கள் மாணவர் பக்கத்தில் ஒரே வரியில் முடித்திருந்தார்கள். அது பாதிதான் சரி.

‘ஹியரிங் த பெல், த சில்ட்ரன் ரேன் அவுட்’ என்பதில் கமா வேண்டும். ‘ரன்னிங் எவ்ரி மார்னிங் கீப்ஸ் ஹிம் ஃபிட்’ என்பதில் கூடாது. ஓடுவதே அங்கு எழுவாய். தொடரை எடுத்துவிட்டுப் படித்தால் போதும். மிச்சம் முழு வாக்கியமாக நின்றால் கமா உண்டு. ‘கீப்ஸ் ஹிம் ஃபிட்’ என்று தலையில்லாமல் நின்றால் அது ஜெரண்ட் (பெயர்ச்சொல்லாக நிற்கும் ‘இங்’ சொல்), கமா கிடையாது.

தொடர் கடைசியில் வரும்போதுதான் பொருளே மாறுகிறது. ‘ஷீ ஃபாலோட் த மேன் கேரியிங் எ பேக்’ என்றால் பை அந்த ஆளின் கையில். ‘மேன்’ என்பதற்குப் பின் ஒரு கமா போடுங்கள், பை அவள் கைக்கு வந்துவிடும். தேர்வில் இதற்கு மதிப்பெண் குறைத்தால் மாணவருக்குக் காரணமே புரிவதில்லை. நடுவில் வந்தால், யார் என்று அடையாளம் காட்டும் தொடருக்குக் கமா வேண்டாம். கூடுதல் தகவல் என்றால் இரண்டு பக்கமும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போடுவது எப்போதும் தவறு.

கமாவால் சரிசெய்ய முடியாத பிழையும் உண்டு. ‘ஓப்பனிங் த டோர், த லைட் வென்ட் ஆஃப்’ என்று எழுதினால் கதவைத் திறந்தது விளக்கு என்றாகிறது. ‘ஆஸ் ஹி ஓப்பன்ட் த டோர்’ என்று தொடங்கினால் தீர்ந்தது. (‘கன்சிடரிங்’, ‘ரிகார்டிங்’ போன்றவை முன்னிடைச் சொற்களாகவே (ப்ரெபொசிஷன்) ஆகிவிட்டதால், தொடரின் செயலைச் செய்பவரே எழுவாயாக வர வேண்டும் என்ற தடை அவற்றுக்கு இல்லை.)

நம் பிள்ளைகள் இதில் வழுக்குவதற்குத் தமிழும் ஒரு காரணம். ‘மழை நிற்க, எல்லோரும் கிளம்பினார்கள்’ என்பது நமக்கு இயல்பு. ‘நிற்க’ போன்ற செயவென் எச்சம், முடிக்கும் வினையின் எழுவாய் அல்லாத வேறு எழுவாயை ஏற்கும். ஆங்கிலத்தில் அப்படி எழுத, எச்சத்தின் எழுவாயையும் சொல்லியாக வேண்டும்: ‘த ரெயின் ஹேவிங் ஸ்டாப்ட், எவ்ரிஒன் லெஃப்ட்.’ கமா ‘ஸ்டாப்ட்’ என்பதற்குப் பின் மட்டும். ‘ரெயின்’ என்பதற்குப் பின்னும் ஒன்று போடுகிறார்கள். போட்டால் மழை பயனிலை இல்லாமல் தனியே நின்றுவிடும்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்