புகைமூட்டப் படம் போட்டா தேதியும் காத்து அடிக்கிற திசையும் சேத்துப் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல ஒரு படம் வந்துச்சு, இந்தோனேசியாவோட சுமத்ரா தீவு முழுக்க சிவப்புப் புள்ளி, கீழ சிங்கப்பூர்ல இருக்கற நமக்கு "புகை நம்ம பக்கம் வருது, உஷார்"னு எழுதியிருந்துச்சு. எங்கம்மாவுக்கு 74 வயசு, இழுப்பு வேற உண்டு, அதப் பாத்ததும் ஜன்னல் எல்லாத்தையும் சாத்திட்டு ஃபேன் கூடப் போடாம உக்காந்துட்டாங்க. நான் வாங்கிப் பாத்தா படத்துல தேதியே இல்ல, எந்த வருஷத்துப் படமோ, வெளிய காத்து நல்லாத்தான் இருந்துச்சு. அதான் இத எழுதறேன்.

அந்தச் சிவப்புப் புள்ளி புகையே இல்லைங்க, தரையில தெரியற சூடு. சுவோமி என்பிபி, நோவா-20 மாதிரி செயற்கைக்கோளுங்க மத்தியானம் ஒன்றரை வாக்குலயும் நடுராத்திரி ஒன்றரை வாக்குலயும் இந்தப் பக்கம் கடந்து போகும்போது, 375 மீட்டர் கட்டம் ஒண்ணு சுத்தி இருக்கறத விட ரொம்ப சூடா தெரிஞ்சா அங்க ஒரு புள்ளி விழும், கட்டத்தோட ஒரு மூலையில மட்டும் எரிஞ்சாலும் அதே புள்ளிதான். மேப்புல அத பெருசா வரையறதால தீவே பத்திக்கிட்ட மாதிரி தெரியுது. அதே சமயம் புள்ளி கொறஞ்சிருச்சுன்னு நிம்மதியாவும் இருக்க முடியாது, மேல மேகம் நின்னா தீ தெரியாது, புகையே ரொம்ப அடர்த்தியானாலும் அடியில இருக்கற தீ மறைஞ்சிரும். சுமத்ராவுல இருக்கற ரியாவ்லயும், போர்னியோ தீவோட இந்தோனேசியப் பகுதியான காலிமந்தான்லயும் எரியறது வெறும் மரம் இல்ல, ஆயிரக்கணக்கான வருஷமா இலையும் வேரும் மக்கிச் சேந்த கரிமண்ணு, வாய்க்கால் வெட்டித் தண்ணிய வடிச்சதும் காஞ்சுபோகுது, அப்புறம் தீ பட்டா மண்ணுக்குள்ளயே வாரக்கணக்குல கனிஞ்சுகிட்டு கெடக்கும், மேல கொழுந்து விட்டு எரியவே எரியாது, புகை மட்டும் நிக்காது.

புகை எங்க போகுதுன்னு தெரியணும்னா வேற படம் பாக்கணும். ஜப்பானோட ஹிமாவரி செயற்கைக்கோள் கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் ஒசரத்துல ஒரே எடத்துல நின்னு பத்து நிமிஷத்துக்கு ஒரு படம் எடுக்குது. வரிசையா ஓட விட்டுப் பாத்தா மேகம் வெள்ளை வெளேர்னு பொதிபொதியா இருக்கும், புகை மங்கலா, அழுக்குத் தண்ணி சிந்தின மாதிரி நீளமா இழுத்துகிட்டுப் போகும். ராத்திரியில அந்த மாதிரி தெரியாது. பகல்லயும் அந்தப் புகை மேலயே போகுதா இல்ல நம்ம மூக்கு வரைக்கும் எறங்கியிருக்கான்னு படத்த மட்டும் வச்சு சொல்ல முடியாது, அதுக்கு தரையில வச்சிருக்கற கருவி அளக்கற பிஎம் 2.5, அதாவது காத்துல இருக்கற ரொம்ப நுண்ணிய தூசுக் கணக்குதான் வேணும்.

காத்துதான் இதுல முக்கியம். 2013 ஜூன் 19ஆம் தேதி நாசா செயற்கைக்கோள் எடுத்த படத்துல சுமத்ராவுலேர்ந்து புகை நேரா நம்ம தலைக்கு மேல வந்து நிக்கும். ஜூன் 21 வெள்ளிக்கிழமை மத்தியானம் 12 மணிக்கு மூணு மணி நேர பிஎஸ்ஐ, அதான் நம்ம காத்து மாசுக் குறியீடு, 401. காரிடார்ல இருந்த துளசி இலையத் தொட்டா விரல்ல சாம்பல் ஒட்டிச்சு, எதிர் புளோக் கண்ணுக்கே தெரியல, அம்மா ராத்திரியெல்லாம் படுக்க முடியாம சேர்லயே சாஞ்சு உக்காந்திருந்தாங்க. ரெண்டே நாள், காத்து கொஞ்சம் திரும்புச்சு, இங்க வானம் தெளிஞ்சுது, ஞாயித்துக்கிழமை மலேசியாவுல ஜொகூர் மாநிலத்து மூவார்ல அவங்க காத்து மாசுக் குறியீடு 700ஐத் தாண்டி அவசரநிலையே அறிவிச்சாங்க. அங்க இருக்கற எங்க அத்தை போன் பண்ணி "உங்களுக்கு விட்டுருச்சாமே, இங்க எப்படிம்மா வந்துச்சு"ன்னு கேட்டாங்க, அப்ப எனக்கு பதில் சொல்லத் தெரியல.

தென்கிழக்காசிய நாடுகளோட கூட்டமைப்பான ஆசியானோட சிறப்பு வானிலை நிலையம் 1993லேர்ந்து இங்க சிங்கப்பூர்லதான் இருக்கு, சூடான எடம், புகை பரவியிருக்கற பகுதி, காத்து அடிக்கிற திசை எல்லாத்தையும் ஒரே மேப்புல இலவசமா போடுறாங்க. ஆனா அது இங்கிலீஷ்ல, நெட்டுல இருக்கு. எங்கம்மா மாதிரி ஆளுங்களுக்கு உங்க பேப்பர்தான். அதனால ஜூன்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் வானிலைப் பகுதியில அந்த மேப்ப தமிழ்ல போடுங்க, எந்தத் தேதி, எத்தன மணிக்கு எடுத்ததுன்னு போடுங்க, காத்துக்கு ஒரு அம்புக்குறி போடுங்க, மேகம் மறைச்சிருந்தா "மேகத்தால் தெரியவில்லை"ன்னு ஒரு வரி சேருங்க. எழுத்து மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கட்டும், அம்மா கண்ணாடி போட்டும் அந்தப் பகுதிய என்கிட்ட குடுத்துதான் படிக்கச் சொல்றாங்க.

இப்படிக்கு,
யீஷூன் வாசகி