ஒரு மணி நேரம் கேட்கிறோம்: கொங்கு மாநகராட்சிகளின் நகர்நல அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர்நல அலுவலர்களுக்கு,

வணக்கமுங்க. 2023 ஜூனில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திறக்கப்பட்டன. காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8 என்று நேரம் வைத்தார்கள். மாலை நேரம் வைத்தது நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் பனியன் கம்பெனிச் சங்கு உங்கள் காதிலும் விழுகிறதுதானே? காலை 8.30க்கு உள்ளே போனால் ஒரு ஷிப்ட் முடிய 5.30. ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட்; வெளியே வர இரவு 8.30. மையம் பூட்டி அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்த ஒருவருக்குச் சர்க்கரைக்கு மெட்பார்மின் 500 காலை ஒன்று, இரவு ஒன்று. பிரஷருக்கு அம்லோடிபின் 5 தினம் ஒன்று. முப்பது நாளுக்கு 90 மாத்திரை. இதை வாங்க மாதாமாதம் அரை ஷிப்டை விட வேண்டும். பீஸ் ரேட்டில் பவர் டேபிள் (மின் தையல் மெஷின்) ஓட்டுகிறவர் எழுந்து போனால் அவர் கூலி மட்டும் போவதில்லை, அவருக்கு அடுத்துக் கைமடி (துணியை மடித்துக் கொடுக்கும் உதவி வேலை), செக்கிங்கில் இருப்பவர் கையும் நிற்கும். கான்ட்ராக்டர் ஒன்றும் சொல்ல மாட்டார். அடுத்த வாரம் வேலைக்குக் கூப்பிட மாட்டார். அதனால் 30 நாள் மாத்திரையை 45 நாளுக்கு இழுக்கிறார்கள். இரவு மெட்பார்மின் முதலில் போகும். அம்லோடிபினைத் தலை சுற்றுகிற அன்றைக்கு மட்டும் போடுகிறார்கள். நடுவில் பிரஷர் ஏறுவது ஆளுக்குத் தெரியாது. கிட்னிக்குத் தெரியும்.

மாத்திரை கொடுக்கும் விதத்தையும் ஒரு நாள் நின்று பாருங்க. எண்ணிக்கை சரிவர அட்டையைக் கத்தரியால் வெட்டுகையில், மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கிற ஓரம் போய்விடுகிறது. கையில் மிஞ்சுவது பெயரில்லாத நாலு வெள்ளை மாத்திரை. இன்னொரு ஆஸ்பத்திரியில் மருத்துவர் கேட்டால், "சின்னதா, வெள்ளையா இருக்குமுங்க" என்பதுதான் பதில்.

ஆகவே எங்கள் கோரிக்கை: மாத்திரைக் கவுண்டரை மட்டுமாவது இரவு 9 வரை திறந்து வையுங்கள், நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு 60 நாள் மாத்திரையை முழு அட்டையாகக் கொடுங்கள். இருப்பு போதாது என்பீர்கள். முதல் சுற்றில்தான் இரண்டு மாதச் சரக்கு கையில் வேண்டும். ஆட்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இந்த மாதம், மறுபாதிக்கு அடுத்த மாதம் என்று தொடங்கினால் அந்த நெருக்கடியும் பாதியாகக் குறையும். மொத்தச் செலவு பழைய செலவேதான். வரிசை பாதியாகும்.

சோதனையிலும் இதே கதை. வெறும் வயிற்றில் ஒரு குத்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு குத்து. காலைக் கூலி அதோடு போச்சு. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்க ஹெச்பிஏ1சி என்ற ஒரே ரத்தச் சோதனை போதும். சாப்பிட்டிருந்தாலும் எந்நேரமும் எடுக்கலாம், சுமார் மூன்று மாதச் சராசரி தெரியும். மையத்தில் கருவி இல்லாவிட்டால் ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்துக் குளிர்பெட்டியில் அனுப்பலாம். ஒன்று கவனிக்க வேண்டும்: ரத்தசோகை இருந்தால் இந்த அளவு ஏமாற்றும். நம் பெண் தொழிலாளர்களுக்கு ஹீமோகுளோபினும் சேர்த்துப் பார்ப்பதே சரி.

மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே வருகிறதே என்று கேட்பீர்கள். வருகிறது, பகலில். தொழிலாளர்கள் வாடகைக்கு இருக்கும் லைன் வீட்டுக் கதவில் அப்போது பூட்டுத்தான் தொங்கும். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யா? பத்துப் பேருக்குக் குறைந்த ஜாப் ஒர்க் ஷெட்டுகள் அதன் கணக்கில் வராது. வந்தாலும், நோய்க்கால உதவித்தொகைக்கு ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா வேண்டும். கம்பெனி மாறி மாறித் தைப்பவருக்கு அது எங்கே சேரும்? அடுத்தது முதலமைச்சர் காப்பீடு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள், அதாவது குடும்பத்துக்கே மாதம் 10,000. புருஷனும் பெண்சாதியும் கம்பெனிக்குப் போனால் பணக்காரர் ஆகிவிடுகிறார்கள்! அந்த வரம்புக்குள் இருப்பவருக்கு மாரடைப்பு வந்தால் 5 லட்சம் வரை தரத் தயார். வராமல் தடுக்கும் மாத்திரையை மட்டும் எட்டு மணிக்குப் பூட்டிவிடுவோம். நல்ல சிக்கனமுங்க.

கோபத்தில் எங்கோ போய்விட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு வரம்பை மாற்றுவது உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். இந்த ஒரு மணி நேரத்துக்காக மேலதிகாரிகளுக்கு எழுதி ஒப்புதல் வாங்க உங்களால் முடியும். மருந்தாளுநரை இதற்காக 13 மணி நேரம் உட்கார வைக்க வேண்டாம்; மாலை 4க்குப் பதில் 5க்குத் திறந்து 9க்கு மூடினாலே போதும், 4 மணிக்கும் 5 மணிக்கும் நடுவே கூட்டம் எவ்வளவு என்று வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். ஞாயிறு காலை ஒரு வேளை கவுண்டர் திறந்தால் இன்னும் நல்லது.

பலகையில் நேரத்தை மாற்றி எழுதும்போது, தயவுசெய்து வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காக இந்தியிலும் ஒடியாவிலும் ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
திருப்பூர், கோவை, ஈரோடு தொழிற்பகுதிகளின் தொற்றாநோய்ப் பணியாளர்கள் சிலர்